ஆறு ஏர்பேக்கும் ஓர் எலுமிச்சம்பழமும்

எங்கள் வீட்டு அம்பாசடருக்குச் சாவி இருந்தது, சம்பிரதாயத்துக்கு. அதை நிஜமாகக் கிளப்பியவை அக்கம்பக்கத்து இளைஞர்களின் தோள்கள்தான். மார்கழிக் காலையில் அப்பா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சோக்கை இழுத்து, கிளட்சை மிதித்துக்கொண்டு, "ம்... தள்ளுங்கப்பா" என்பார். மதுரை சிம்மக்கல் பக்கத்துச் சந்தில் அந்தக் குரலுக்கு வராத ஆள் கிடையாது. டீக்கடையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர்கூட மடித்து வைத்துவிட்டு வருவார். வண்டி இருமி, உதறி, புகை கக்கி உயிர் பெற்றதும் தள்ளியவர்கள் முகத்தில் தெரிகிற பெருமிதம் சொந்தக்காரர் முகத்தில்கூட இருக்காது.

அது மார்க் டூ. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை மூலமாக வைத்து, வங்காளத்து உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி. அப்பாவிடம் வரும்போதே மூணாம் கை. புது வண்டிக்குப் பணம் கட்டிப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. புது ஃபியட்டுக்கு எழுதி வைத்தவருக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடும் வயது வரும்போதுதான் வண்டி வரும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். நாட்டில் கார் என்று பெரும்பாலும் கண்ணில் பட்டவையே அம்பாசடர், ஃபியட், நம் சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று மூன்றுதான். எதை வாங்கினாலும் கூடவே ஒரு மெக்கானிக்கையும் சேர்த்துக்கொண்டாக வேண்டும்.

எங்களுக்கு வாய்த்தவரை எல்லோரும் பாய் என்போம். பட்டறை என்பது வேப்பமரத்தடியும் ஒரு தகரக் கொட்டகையும். பானெட்டைத் தூக்கியதும் அவர் எதையும் தொடமாட்டார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற இஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். இடம் மாற்றி இன்னொரு தடவை. அப்புறம்தான் வாய் திறப்பார்: "டேப்பட் அடிக்குது சார். இன்னும் ஒரு மாசம் ஓட்டலாம். அதுக்கு மேல என்னையக் கேக்காதீங்க." பாயிண்ட் தேய்ந்திருந்தால் உப்புத்தாளில் உரசிப் போடுவார். பிளக்கின் இடைவெளிக்கு அவருக்கு அளவுகோல் ஆக்ஸா பிளேடின் கனம். பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இஞ்சின் பாடம் மனப்பாடம். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் பெட்ரோல் பம்ப் சூடாகி வண்டி நின்றுவிட்டால், கேட்காமலே ஈரத்துணியை எடுத்து நீட்டுவாள்.

அந்த ஈரத்துணிக்கு அதிக வேலை கொடைக்கானல் போகும்போதுதான். வத்தலக்குண்டு தாண்டி, காட்ரோட்டில் மலை ஏறத் தொடங்கினால், டம்டம் பாறை வருவதற்குள் ரேடியேட்டர் கொதித்துவிடும். அப்பா ஓரங்கட்டுவார். பையன்கள் நாங்கள் பெரிய கல்லாகப் பார்த்துப் பின்சக்கரத்துக்கு அண்டக் கொடுப்போம் (ஹேண்ட் பிரேக்கை நம்புகிற அளவுக்கு எங்கள் குடும்பம் அப்பாவி அல்ல). ஈரச்சாக்கைப் போட்டு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக, சீறிக்கொண்டு ஆவி கிளம்பும். அது அடங்குகிற வரைக்கும் புளியோதரைப் பொட்டலம் பிரியும். மலையழகு, பள்ளத்தாக்கு, தூரத்து அருவி எல்லாவற்றையும் நாங்கள் ரசித்தது வண்டி கொதித்த இடங்களில்தான். கொதிக்காமல் போயிருந்தால் கொடைக்கானலில் என்ன இருக்கிறது என்றே தெரிந்திருக்காது.

டிக்கியில் சாமானுக்கு இடம் இருந்ததில்லை. ஃபேன் பெல்ட், பிளக்குகள், டியூப், ஜாக்கி, தண்ணீர் கேன், கயிறு, ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. அப்பாவுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று: வண்டி நடுவழியில் நின்றுவிடும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போய்விடுமோ என்று எங்கள் வீட்டில் யாரும் பயந்ததாக நினைவில்லை. இத்தனைக்கும் அந்த டிரம் பிரேக் பிடிக்க, காலால் ரெண்டு மூணு தடவை பம்ப் அடிக்க வேண்டும்.

அழகர்கோயிலுக்குப் போகும்போது உட்காரும் வரிசையைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். முன்னால் ஒரே நீள சீட். அப்பா, சித்தப்பா, தாத்தா. தாத்தா மடியில் ஒருத்தன். கியர் ஸ்டியரிங் தண்டிலேயே இருந்ததால் நடுவில் கால் வைக்க இடம் இருந்தது. இடம் இருந்ததால் அங்கே ஒருத்தன் டேஷ்போர்டைப் பிடித்தபடி நிற்பான். நிற்பவனுக்குத்தான் ஊரே தெரியும் என்பதால் அதற்கு அடிதடி. பின்னால் பெண்கள், மடியில் பிள்ளைகள், காலடியில் பிள்ளைகள், கைக்குழந்தை, தூக்குவாளி. சீட் பெல்ட் என்பது ஆகாய விமானத்தில் இருக்கும் சமாசாரம் என்று கேள்விப்பட்டதோடு சரி. நம் நாட்டுக் கார்களில் முன்சீட்டுக்காவது பெல்ட் கட்டாயமானது 1990களில்தான்.

அப்படியிருந்தும் நாங்கள் பிழைத்துக் கிடந்ததற்குக் காரணம் அப்பாவின் நிதானம் என்று அம்மா கடைசிவரை நம்பினாள். காரணம் அப்பாவின் நிதானம் அல்ல, அம்பாசடரின் இயலாமை. அறுபதைத் தொட்டால் கதவு, கண்ணாடி, தாத்தாவின் பல்செட்டு எல்லாம் தனித்தனியாக ஆடும். ரோடும் அதற்கு ஏற்ற ரோடு. மேலூர் தாண்டினால் தார்ச்சாலையில் கதிரைப் பரப்பி வைத்திருப்பார்கள்; எங்கள் வண்டி அதன்மேல் ஏறிப் போனால் விவசாயிக்குப் போரடிக்கும் கூலி மிச்சம். வைக்கோல் அடியில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் புகைந்தால் இறங்கிப் பிடுங்கிப் போட வேண்டும். மாட்டு வண்டிக் காலத்தில் லாட ஆணிகள் பஸ் டயரைப் பதம் பார்க்கின்றன என்று டி.வி.எஸ். கம்பெனி காந்தம் பொருத்திய வண்டியை ரோட்டில் ஓட்டி ஆணி பொறுக்கியதாக மதுரையில் தாத்தாமார்கள் சொல்வார்கள். எங்கள் காலத்தில் அந்தக் காந்தம் இல்லை. ஆணிகள் இருந்தன, ஆணி குத்திய இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எப்படியோ ஒரு பஞ்சர் கடையும் இருந்தது.

பெரியப்பா ஒருவர் இன்னமும் இருக்கிறார். எந்தப் புதுக் காரைப் பார்த்தாலும் விரலை மடக்கி பானெட்டில் ஒரு தட்டு தட்டுவார். "தகர டப்பாடா இது. நம்ம அம்பாசடர் புளியமரத்துல மோதுச்சே, ஞாபகம் இருக்கா? மரத்துக்குத்தான் பட்டை உரிஞ்சுச்சு!" எல்லோரும் சிரிப்போம். மரத்துக்குப் பட்டை உரிந்தது உண்மை. பம்பர் லேசாக நெளிந்ததும் உண்மை. அன்றைக்கு ஓட்டிய டிரைவர் அண்ணன், ஸ்டியரிங் நெஞ்சில் இடித்து விலா எலும்பு முறிந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்தார் என்பதைப் பெரியப்பா கதையில் சேர்ப்பதில்லை. மோதலின் வேகம் எங்கேயாவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். இரும்பு வாங்கிக்கொள்ளாவிட்டால் எலும்பு வாங்கிக்கொள்ளும். இன்றைய காரின் முன்பகுதி அப்பளமாக நொறுங்குவது, நொறுங்குவதற்கென்றே அதைச் செய்திருப்பதால்தான். உள்ளே ஆள் இருக்கும் கூடுதான் நெளியக் கூடாது. அன்றைக்கு வண்டி பிழைத்தது, இன்றைக்கு ஆள் பிழைக்கிறான். ஆனாலும் நம் சனங்களுக்குப் பிழைக்க வேண்டியது வண்டிதான் என்ற எண்ணம் மாறவில்லை.

என் மகன் சென்னையில் வாங்கியிருக்கும் காரைப் பார்த்தபோது இது நன்றாகப் புரிந்தது. ஆறு ஏர்பேக். பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாது. கோட்டை விட்டு விலகினால் ஸ்டியரிங் உதறி எச்சரிக்கும். அதை வாங்கிய வாரமே அணைத்துவிட்டான். "நம்ம ஊர்ல எது லேன்னு அதுக்கே குழப்பமா இருக்குப்பா. போற வழியெல்லாம் உதறுது." நியாயம்தான். பானெட்டை எப்படித் திறப்பது என்று கேட்டேன். "எதுக்குப்பா?" என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை. திறந்தாலும் உள்ளே ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. பாய் அங்கே எங்கே ஸ்க்ரூ டிரைவரை வைப்பார்?

சர்வீசுக்கு அவனோடு போனேன். குளிர்சாதன ஹாலில் சோபா, காபி, சுவரில் டி.வி. இஸ்திரி போட்ட சட்டையில் ஓர் அட்வைசர் தம்பி டேப்லெட்டோடு வந்து, "சார், இந்த தடவை இஞ்செக்டர் கிளீனிங், ஏசி கிளீனிங், அண்டர்பாடி கோட்டிங் சேர்த்துக்கலாமா?" என்றார். வண்டியை அவர் இன்னும் பார்த்திருக்கவில்லை. சாயங்காலம் பில்லைக் கொடுத்தவர் குரலைத் தாழ்த்தி, "கம்பெனிலேர்ந்து போன் வரும் சார். பத்துக்குப் பத்து சொல்லிருங்க. ஒன்பது சொன்னாக்கூட எனக்குப் பிரச்சினை ஆயிரும்" என்றார். பாய்க்கு நாங்கள் மார்க் போட்டதில்லை. வண்டி வத்தலக்குண்டு போய்ச் சேர்ந்ததா என்பதுதான் மார்க்.

இவ்வளவு மின்னணு மூளையுள்ள காரை மூன்று நாள் படுக்கப் போட்டது ஓர் எலி. ராத்திரி இஞ்சினுக்குள் குடிபுகுந்து ஒரு வயரைக் கடித்துவிட்டது. இப்போது அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் பாதிக் கார்களின் பானெட்டுக்குள் புகையிலைக் கட்டு தொங்குகிறது. பிள்ளையாரின் வாகனம் நம் வாகனத்தைக் கடித்தால் யாரிடம் முறையிடுவது?

காரைக் காப்பதில் நம்மவர்களின் முன்யோசனைக்குக் குறைவே சொல்ல முடியாது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும், ஒரு துளி விழுமுன்பே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றுகொண்டன. 2015 வெள்ளத்தில் இஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து பட்ட பாடு அப்படி. பெயின்ட்டில் கீறல் விழாமல் இருக்க ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கோட்டிங். பம்பருக்கு அடிபடாமல் இருக்க முன்னால் இரும்புக் கம்பி. அந்தக் கம்பி, மோதலை ஏர்பேக் உணரும் விதத்தையே கெடுக்கும், எதிரே நடந்து வருபவரையும் நொறுக்கும் என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைக் கழற்றச் சொல்லிவிட்டது. பல வண்டிகளில் போலீஸ் பிடித்த பிறகுதான் கழன்றது.

ஆளைக் காக்கும் விஷயத்தில் நம் யோசனை வேறு பக்கம் ஓடுகிறது. 2019 ஜூலையிலிருந்து புதுக் கார்களில் டிரைவர் பெல்ட் போடாவிட்டால் ஒலி எழுப்பியாக வேண்டும். எண்பதைத் தாண்டினால் ஒரு பீப், நூற்றிருபதைத் தாண்டினால் விடாத பீப். அந்தப் பெல்ட் சத்தத்துக்கு நம் மக்கள் கண்ட தீர்வு என்ன தெரியுமா? பெல்ட்டின் நாக்கு மட்டும் தனியாக, கம்பெனி முத்திரையோடு, பளபளவென்று கடையில் விற்றது. அதைக் கொக்கியில் செருகிவிட்டால் பெல்ட் போட்டதாகக் கார் நம்பிவிடும். 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு இணைய விற்பனைத் தளங்களிலிருந்து இதை நீக்க வைத்தது. நீக்கப்பட்ட விற்பனைப் பதிவுகள் மட்டும் 13,118. பாய் தலைமுறை வண்டியை ஓடவைக்கச் செலவழித்த மூளையை நாம் அதன் வாயை அடைக்கச் செலவழிக்கிறோம்.

ரோடு மாறியது நம் மண்டையில் ஏறவில்லை. மதுரையிலிருந்து சென்னைக்குச் சுமார் 450 கிலோமீட்டர். அன்றைக்கு விடிய விடியப் போவோம். விராலிமலையில் ஒரு டீ, உளுந்தூர்பேட்டையில் ஒரு டீ, மதுராந்தகத்தில் பல் விளக்கல். முகப்பு விளக்கின் நடுவில் கறுப்புப் பொட்டு இல்லாவிட்டால் போலீஸ் பிடிப்பார். எதிரே வண்டி வந்தால் காலடியில் இருக்கும் பொத்தானை மிதித்து டிம் அடிக்காவிட்டால் எதிர் டிரைவர் தலையை நீட்டித் திட்டுவார். இன்று நாலுவழிச் சாலை, நடுவில் அரளிச் செடி, ஃபாஸ்டேக். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குச் சென்னை. நூறுக்குக் குறைவாக ஓட்டுபவர் ஏதோ நோயாளி என்று நினைக்கிறார்கள். அதே சாலையில், அடுத்த இடைவெளி வரை சுற்றிவரச் சோம்பி, எதிர்த் திசையில் பால் கேனோடு டிவிஎஸ் 50 வருகிறது. வெள்ளை எல்.இ.டி. விளக்கைக் கண்ணில் அடித்துக்கொண்டு பின்னால் ஒருவர். கறுப்புப் பொட்டும் போயிற்று, டிம் அடிக்கும் மரியாதையும் போயிற்று.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105. நல்லதையும் சொல்ல வேண்டும். அடிபட்டுக் கிடந்தவரைத் தொட்டால் கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்று ஒதுங்கிப்போன காலம் எனக்குத் தெரியும். இன்று உதவுபவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுகிறது. அம்பாசடர் காலத்தில் இது கனவு.

ஆனால் அரசால் நம்மைப் பின்சீட்டில் வந்து கட்டிவிட முடியாதே. முன்சீட்டில் ஆயிரம் ரூபாய் அபராதத்துக்குப் பயந்தாவது பெல்ட் போடுகிறார்கள். சிலர் போலீசைப் பார்த்ததும் நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, தாண்டியதும் விட்டுவிடுகிறார்கள். பின்சீட்டில் அதுகூட இல்லை. 2022 செப்டம்பரில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி, மும்பை நெடுஞ்சாலையில் விலை உயர்ந்த காரின் பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்து இறந்தபோது ஒரு வாரம் நாடே பெல்ட் பற்றிப் பேசியது. அந்த வருடம் பெல்ட் போடாததால் இறந்தவர்கள் என்று அரசு கணக்கெடுத்தது 16,715 பேர். அதில் 8,331 பேர் ஸ்டியரிங்கைத் தொடாதவர்கள், சும்மா கூட வந்தவர்கள்.

அன்று டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பையனுக்கு இன்று பேரன் இருக்கிறான். அவன் சன்ரூஃப் வழியாகத் தலையை நீட்டி நிற்கிறான், நாலுவழிச் சாலையில். கைக்குழந்தை மட்டும் அன்றைக்கு இருந்த மடியில்தான் இன்றைக்கும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதினால், பத்து கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய இருநூறு கிலோ தூக்கும் பலம் வேண்டும். எந்தப் பாட்டிக்கு இருக்கிறது?

மகன் கார் எடுத்த அன்று ஷோரூமில் திரை விலக்கி, கேக் வெட்டி, ஓர் ஆள் உயர அட்டைச் சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். நேராகப் பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். சென்னையில் புது வண்டி என்றால் அங்கே போகாமல் வீடு திரும்ப முடியாது. வரிசையில் எங்களுக்கு முன்னால் இரண்டு ஆட்டோ, ஒரு லாரி, ஒரு ஜெர்மன் கார். பூசாரி மாலை போட்டு, சந்தனம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். "மெதுவா எடுங்க தம்பி" என்றார். நசுங்கியது. அப்பாவின் மூணாம் கை அம்பாசடருக்கு நசுங்கிய அதே ரகப் பழம்தான். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை; முனீஸ்வரர் அவர் வேலையைச் செய்யட்டும்.

அங்கிருந்து சீட் கவர் கடைக்குப் போனோம். என் புகார் அங்கேதான். இரண்டு மணி நேரத்தில் தோல் உறை மாட்டிக் கொடுத்தார்கள். பார்க்க அழகு. பின்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தேன், வந்தது. மாட்டுவதற்குக் கொக்கியைத் தேடினால் இல்லை. மூன்று கொக்கிகளும் உறைக்கு அடியில் போய்விட்டன. முன்சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் வெளிவர வேண்டிய இடத்தையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். "பின்னாடி யாரு சார் பெல்ட் போடுறா? எல்லாருக்கும் இப்படித்தான் போடுறோம்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது பொய்யில்லை.

இதைப் படிக்கிறவர்கள் உங்கள் காரின் பின்சீட் இடுக்கில் ஒரு தடவை கையை விட்டுப் பாருங்கள். கொக்கி கையில் தட்டுப்படாவிட்டால் கடைக்கு எடுத்துப் போய் அந்த இடத்தை வெட்டச் சொல்லுங்கள். முன்சீட் ஓரத்தில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் அங்கே தையல் போடாத உறையாக மாற்றச் சொல்லுங்கள். வெட்டுவதற்கு அவர்கள் காசு வாங்குவதில்லை.